இசக்கிக்குப் பேடி

கல்லூரியில் முதல் வருஷம் என்பது காலையில் பஸ் ஏறுவதில் தொடங்கி இரவு கண் மூடும்வரை பயந்துகொண்டே இருக்கிற முழுநேர வேலை. படிப்பெல்லாம் அதில் ஓவர்டைம்தான். இந்த வேலையைப் பார்த்து முடித்தவர்கள், இப்போது பார்த்துக்கொண்டிருப்பவர்கள், வீட்டுப் பிள்ளையை இந்த வேலைக்கு அனுப்பிவிட்டுக் கையில் ஃபோனோடு உட்கார்ந்திருப்பவர்கள் எல்லோரும் என் இனம். நாம் மட்டும்தான் தனியாக நடுங்கினோம் என்று நினைக்காதீர்கள். அடுத்த பெஞ்சில் நானும் நடுங்கிக்கொண்டுதான் இருந்தேன்.

என் பெயர் இசக்கியம்மாள், சர்டிபிகேட்டில் வெறும் இசக்கி. திருநெல்வேலிப் பக்கத்தில் இசக்கி என்றால் ஊரே பயப்படுகிற சாமி. அந்தப் பெயரை வைத்துக்கொண்டு ஊரைப் பார்த்துப் பயப்படுகிறவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். எங்கள் வீடு மட்டாஞ்சேரியில், கொச்சங்காடியில் இருக்கிறது. அப்பா பிறந்ததே இங்கேதான். கார்ப்பரேஷன் தண்ணீர் லாரி ஓட்டுகிறார். அம்மாவுக்கு ஒரு சுக்குக் குடோனில் தரம் பிரிக்கிற வேலை. நான் படித்தது மலையாளப் பள்ளிக்கூடம். வீட்டில் நாங்கள் பேசுவது சுத்தமான தமிழ் என்று ரொம்ப நாளாக நம்பிக்கொண்டிருந்தோம்.

களமசேரியில் ஒரு கேம்பஸில் வேதியியலுக்கு இடம் கிடைத்தது. முதல் நாளே லேகா மிஸ் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். ஓணம் விடுமுறை முடிந்ததும் ஒவ்வொருவரும் வகுப்பின் முன்னால் நின்று ஒரு செமினார் எடுக்க வேண்டுமாம். எடுக்காவிட்டால் இன்டர்னல் மார்க் பூஜ்யம். எனக்குக் காது அடைத்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டு வருஷமும் பின்வரிசைத் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்து ஒப்பேற்றியவள் நான்.

அதே வாரம் அம்மாவின் குடோனில் பில் போட ஆள் வேண்டும் என்றார்கள். கம்ப்யூட்டர் முன்னால் ஒரு நாற்காலி. பேச வேண்டிய அவசியம் இல்லை, சுக்கு மூட்டைகள் கேள்வி கேட்காது. அந்த நாற்காலி எனக்குக் கனவில்கூட வந்தது. "செமினார் கழியட்டும், அதுவரைக்கும் முதலாளி காத்திருக்கேன்னு சொன்னாரு" என்றாள் அம்மா. ஆக, செமினார் எடுத்தால் கல்லூரி, எடுக்காவிட்டால் குடோன். முடிவு எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. அம்மாவுக்குத்தான் தெரியவில்லை. "எந்துக்கு பேடிக்கிறே மோளே? அங்கயும் மனுஷங்கதானே இருக்காங்க" என்றாள்.

மனுஷர்கள் இருப்பதுதான் பிரச்சினை என்று அவளிடம் எப்படிச் சொல்வது?

எஸ்.டி.

மட்டாஞ்சேரியிலிருந்து ஆலுவா போகிற பஸ்ஸில்தான் போக வேண்டும். தோப்பும்படி தாண்டி, வெலிங்டன் தீவு தாண்டி, எர்ணாகுளத்து நெரிசலில் ஊர்ந்து களமசேரி போய்ச் சேர வேண்டும். கேரளத்துத் தனியார் பஸ்ஸில் மாணவர்களுக்குச் சலுகைக் கட்டணம் உண்டு. அதற்குக் கார்டைக் காட்டி "எஸ்.டி." என்று சொல்ல வேண்டும். ஸ்டூடண்ட் என்பதன் சுருக்கம், அவ்வளவுதான். ஆனால் அந்த இரண்டு எழுத்தைச் சொன்னதும் கண்டக்டர்களின் முகம் போகிற போக்கு இருக்கிறதே, கடன் கேட்டு வந்த மச்சானைப் பார்ப்பது போல இருக்கும்.

வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று பழகிப் பார்த்தேன். அழகாக வந்தது. பஸ்ஸில் கண்டக்டர் பக்கத்தில் வந்ததும் வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் முழுக் கட்டணத்தையும் நீட்டினேன். மறுநாளும் அதே கதை. பஸ் முழுவதும் மாணவர்கள் தைரியமாக எஸ்.டி., எஸ்.டி. என்று கத்திக்கொண்டிருக்க, கழுத்தில் கல்லூரி அடையாள அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு நான் மட்டும் பெரிய மனுஷி மாதிரி முழு டிக்கெட் வாங்கினேன்.

அந்த வாரக் கடைசியில் கண்டக்டரே என் அட்டையைப் பார்த்துவிட்டார். மீசை வைத்த, எப்போதும் எரிந்து விழுகிற ஆள். நான் நீட்டிய பணத்தில் பாதிக்கு மேல் திருப்பிக் கையில் வைத்தார். திட்டப்போகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அவர் குனிந்து, பஸ்ஸுக்கே கேட்கிற மாதிரி மெதுவாகக் கேட்டார்: "ஒச்ச வீட்டில் வெச்சிட்டாணோ மோளே போன்னது?"

குரலை வீட்டில் வைத்துவிட்டா வந்தாய் என்று கேட்கிறார். அவர் சொன்னது கிட்டத்தட்ட உண்மை.

ஐசக் வரவில்லை

வருகைப்பதிவுதான் நம் பிழைப்பில் மிகக் கொடுமையான பகுதி என்பதை நீங்கள் ஒப்புக்கொள்வீர்கள். நம் பெயர் வருவதற்கு முந்தைய நாலைந்து பெயர்களின்போது நெஞ்சு அடித்துக்கொள்ளும். வந்ததும் "பிரசன்ட் மிஸ்" என்று சரியான நேரத்தில், சரியான சத்தத்தில் சொல்ல வேண்டும். நான் உள்ளங்கை வேர்க்கக் காத்துக்கொண்டிருந்தேன். ஹரிதா வந்தாள், ஹிபா வந்தாள், யாரோ ஐசக் என்று ஒருவன் வரவில்லை, ஜெஸ்னா வந்தாள். அப்படியே கடைசிவரை போய்விட்டது. இசக்கி வரவே இல்லை.

நீங்கள் நிம்மதியான மனசுக்காரர்களாக இருந்தால் எழுந்து கேட்டிருப்பீர்கள். என் மனசு வேறு வழியில் ஓடியது. பட்டியலில் என் பெயர் இல்லை, ஏதோ தப்பு நடந்து இடம் கிடைத்திருக்கிறது, கண்டுபிடித்தால் வெளியே அனுப்பிவிடுவார்கள். கேட்டால்தானே கண்டுபிடிப்பார்கள்? கேட்கவில்லை. தினமும் பஸ் பிடித்துப் போய், பெயர் இல்லாத வகுப்பில் பதுங்கி உட்கார்ந்துவிட்டு வந்தேன். குடோன் நாற்காலி வேறு கண்ணில் வந்து வந்து போனது.

என் பக்கத்தில் உட்காருகிறவள் அனுமோள், திருச்சூர்க்காரி. அவளுக்கு வாய் மூடாது. அவள்தான் ஒருநாள் உரக்கக் கேட்டாள், இந்த ஐசக் யார், ஒருநாள்கூட வரமாட்டேன் என்கிறானே, இந்தப் பெண்ணின் பெயரை மட்டும் ஏன் கூப்பிடுவதே இல்லை என்று. மிஸ் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார். ஆங்கிலப் பெரிய எழுத்தில் ISAKKI என்று நெருக்கியடித்து இருந்த என் பெயரை அவர் ஐசக் என்றும், கடைசியில் மிஞ்சிய எழுத்துகளைக் கேரள வழக்கப்படி இனிஷியல் என்றும் நினைத்துப் படித்துவந்திருக்கிறார். ஐசக் கே.ஐ. அவ்வளவு நாளும் ஆப்சென்ட் ஆகியிருந்தது நான்தான். மிஸ் என்னை மேலும் கீழும் பார்த்தார். வகுப்பே திரும்பிப் பார்த்தது. மிஸ் கேட்டார்: "அப்போ ஐசக் பெண்குட்டியாணோ?"

அன்றிலிருந்து கேம்பஸில் என் பெயர் ஐசக்.

அதே

கேன்டீனில் என்ன சொல்லி வாங்குவது, எங்கே நிற்பது, டோக்கன் முதலிலா பிறகா என்பதெல்லாம் மற்றவர்களுக்குப் பிறக்கும்போதே தெரிந்திருக்கிறது. நான் ஒரு உபாயம் கண்டுபிடித்திருந்தேன். எனக்கு முன்னால் நிற்கிறவர் என்ன கேட்கிறாரோ, அவர் நகர்ந்ததும் "அதே" என்று சொல்லிவிடுவது. இந்த வழியில் ஒரு வாரம் பிழைப்பு ஓடியது. பிடிக்காத உப்புமாவையெல்லாம் சாப்பிட்டேன்.

அன்றைக்கு எனக்கு முன்னால் நின்றவர் ஆபீஸ் பியூன். அவர் கையில் தூக்குப் பாத்திரம் இருந்ததை நான் கவனிக்கவில்லை. அவர் ஏதோ முணுமுணுத்தார், வாங்கினார், போனார். நான் "அதே" என்றேன். உள்ளே இருந்த சேச்சி என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு ஒரு டிரேயை எடுத்து வைத்து அதில் சாயா கிளாஸாக அடுக்க ஆரம்பித்தாள். அடுக்கினாள், அடுக்கினாள், நிறுத்தவே இல்லை. இத்தனை வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். என் பின்னால் பெரிய வரிசை நின்றது. வாயை மூடிக்கொண்டு பணத்தைக் கொடுத்தேன். மறுநாள் சாப்பாட்டுக்கு வைத்திருந்ததும் அதிலேயே போயிற்று.

டிரேயை இரண்டு கையாலும் தூக்கினேன். சேச்சி என் தூக்கத்தை நினைத்துப் பரிதாபப்பட்டுச் சொன்னாள்: "இத்ரேம் சாயா குடிச்சா ஒறக்கம் வரூல்லட்டா மோளே."

பேடியா?

ஒரு டிரே சாயாவை வைத்துக்கொண்டு ஒரு பயந்தாங்கொள்ளி எங்கே போவாள்? ஆள் இல்லாத இடமாகப் பார்த்துப் பரிசோதனைக்கூடத்துக்குப் பின்னால் இருக்கிற படிக்கட்டுக்குப் போனேன். அங்கே ஏற்கனவே ஒருவன் உட்கார்ந்திருந்தான். எங்கள் வகுப்புதான். பெயர் பேச்சிமுத்து, சங்கரன்கோவில் பக்கமிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கியிருப்பவன். பெயரில் மட்டும்தான் பேச்சு இருந்தது. வகுப்பில் அவன் குரலை யாரும் கேட்டதில்லை.

மடியில் பொட்டலச் சோறு பிரிக்காமல் இருந்தது. ஃபோனில் பேசிக்கொண்டிருந்தான். "சாப்பிட்டேம்மா. நல்ல சாப்பாடும்மா. எல்லாரும் நல்லாப் பழகுதாங்க" என்றான். பிறகு ஃபோனை வைத்துவிட்டுப் பிரிக்காத பொட்டலத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பொய்யின் ஒவ்வொரு சொல்லும் எனக்குப் பாடம். தினமும் சாயங்காலம் அம்மாவிடம் நானும் அதைத்தான் சொல்கிறேன்.

கல்லூரிக்கு வந்து முதல் தடவையாக, யாரும் கேட்காமல் நானாகப் பேச முடிவு செய்தேன். மனசுக்குள் வாக்கியத்தைத் தயார் செய்தேன். 'நானும் தமிழ்தான், எனக்கும் இங்க யாரையும் தெரியாது, உங்களுக்கும் என்னைப் போல பேடியா?' எவ்வளவு நல்ல வாக்கியம் பாருங்கள். ஒரு கிளாஸ் சாயாவை எடுத்து அவன் முன்னால் நீட்டினேன். வாயைத் திறந்தேன். வாக்கியம் முழுவதும் உள்ளேயே நின்றுவிட்டது. வால் மட்டும் வெளியே வந்தது. "பேடியா?" என்று கேட்டேன்.

அவன் முகம் சிவந்தது. காது சிவந்தது. எழுந்து நின்றான். கோபத்திலும் மரியாதை குறையாத ஊர்க்காரன். "யாரப் பாத்துங்க பேடிங்கீங்க? இந்தாங்க, ஒங்க டீய நீங்களே குடிங்க."

வேறென்ன?

அதன் பிறகு அவன் என்னைக் கண்டால் வேறு வழியில் போனான். நான் அவனைக் கண்டால் வேறு வழியில் போனேன். கேம்பஸ் பெரியதுதான், ஆனாலும் இரண்டு பேர் ஒரே சமயத்தில் ஒளிவதற்கு அதில் இடம் போதவில்லை. ஒரே படிக்கட்டுக்குப் பின்னாலேயே போய் நின்று, ஒருவரையொருவர் பார்த்துவிட்டு இரண்டு பேரும் ஓடியதும் உண்டு.

என்ன தப்பாகச் சொன்னேன் என்று எனக்கு விளங்கவே இல்லை. ஒருவேளை ஆண்பிள்ளையிடம் பயமா என்று கேட்டதே அவமானமோ? தமிழ்நாட்டில் அப்படி ஒரு வழக்கம் இருக்குமோ? யோசித்து யோசித்துத் தலை வலித்தது. இனி யாரிடமும் நானாகப் பேசுவதில்லை என்று மட்டும் தீர்மானம் செய்தேன். ஒரு சொல் பேசியதற்கே இந்த வரும்படி என்றால், பத்து நிமிஷம் செமினாரில் பேசினால் என்னவெல்லாம் ஆகும்?

வீட்டில் அம்மா சுக்குத் தூசியைக் கழுவிக்கொண்டிருந்தாள். "பேடின்னா என்னம்மா அர்த்தம்?" என்று கேட்டேன். அம்மா திரும்பிப் பார்த்தாள். படிக்கப் போன பிள்ளைக்கு என்ன ஆயிற்று என்கிற பார்வை அது. அப்பாவையும் கேட்டேன். அவர் லாரிச் சாவியை ஆணியில் மாட்டிக்கொண்டே, இதையெல்லாமா கல்லூரியில் சொல்லித்தருகிறார்கள் என்றார். கடைசியில் அம்மாதான் தீர்ப்பு சொன்னாள்: "பேடின்னா பேடி. வேறென்ன?"

சர்பத்

இந்தத் துக்கத்துக்கு நடுவே பரிசோதனைக்கூடமும் உண்டு. மேலே கண்ணாடிக் குழாயிலிருந்து ஒவ்வொரு சொட்டாக விட வேண்டும். கீழே குடுவையில் லேசான ரோஜா நிறம் தெரிந்த அந்தக் கணத்தில் திருகை மூட வேண்டும். பயந்தவர்களுக்கென்றே யோசித்துக் கண்டுபிடித்த சித்திரவதை இது. நிறம் வந்துவிட்டதா, வரவில்லையா, வந்தது போல இருந்ததே, கண் ஏமாற்றுகிறதா என்று நான் யோசித்து முடிப்பதற்குள் குடுவை பளீரென்று சிவந்துவிடும். மறுபடி முதலிலிருந்து. மறுபடி சிவப்பு.

மற்றவர்களெல்லாம் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போன பிறகும் நானும், எதிர் மேஜையில் பேச்சிமுத்துவும் மட்டும் மிச்சம் இருந்தோம். அவன் குடுவையும் என்னுடையதைப் போலவே சிவந்திருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு அல்ப சந்தோஷம், பொய் சொல்வானேன். அவனும் என் குடுவையைப் பார்த்தான். சிரிக்கப்போகிறான் என்று நினைத்தேன். தலையைத் திருப்பிக்கொண்டான்.

பரிசோதனைக்கூட உதவியாளர் கதவைப் பூட்டச் சாவியோடு வந்தவர், இரண்டு குடுவைகளையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: "இதெந்தா ஐசக்கே, சர்பத்தா?"

மட்டாஞ்சேரியில் பனி

ஓணம் வந்தது, போனது. ஐ எழுத்துக்காரர்களின் முறை சீக்கிரம் வந்துவிட்டது. எனக்குக் கொடுத்த தலைப்பு நீரின் கடினத்தன்மை. தண்ணீர் லாரிக்காரர் மகளுக்கு இதைவிட வேறென்ன வேண்டும் என்று அப்பாவுக்குப் பெருமை. எல்லாம் படித்தேன். சுவருக்கு முன்னால் நின்று பேசிப் பார்த்தேன். சுவருக்கு நன்றாகவே புரிந்தது.

அன்று காலையில் பஸ் நிறுத்தம்வரை போனேன். ஆலுவா பஸ் வந்தது. கண்டக்டர் என்னைப் பார்த்துக் கதவைத் தட்டி நிறுத்தினார். கால் எழவில்லை. பஸ் போய்விட்டது. அப்படியே நடந்து அம்மாவின் குடோனுக்குப் போய், வாசலில் நின்று அந்த நாற்காலியைப் பார்த்தேன். காலியாகத்தான் இருந்தது. உட்கார்ந்தும் பார்த்தேன். ரொம்ப சௌகரியமாக இருந்தது, அதுதான் எனக்கு அழுகையைக் கிளப்பிவிட்டது. இனி எந்த வாசலுக்குப் போனாலும் இப்படித்தான் திரும்பி வருவேன், இந்த நாற்காலி எப்போதும் காலியாக இருக்கும் என்று தோன்றியது. அம்மா சுக்கு முறத்தோடு வந்து பார்த்தாள். முந்தானையால் என் முகத்தைத் துடைத்தாள், மூக்கெல்லாம் சுக்கு நெடி ஏறியது.

அனுமோளுக்கு ஃபோனில் பனி என்று சொல்லிவிட்டேன். மலையாளத்தில் பனி என்றால் காய்ச்சல். அவள் மிஸ்ஸிடம் சொன்னாள், மிஸ் அடுத்த திங்கள்கிழமைக்கு மாற்றினார், அதற்குமேல் மாற்ற மாட்டேன் என்றும் சொன்னார். சாயங்காலம் அனுமோள் சிரித்துக்கொண்டே கூப்பிட்டு இன்னொரு கதையும் சொன்னாள். வகுப்பில் "ஐசக்கினு பனியா" என்று அவள் எல்லோருக்கும் கேட்கச் சொன்னபோது, வாயே திறக்காத பேச்சிமுத்து திடுக்கிட்டு ஜன்னல் வழியாகக் கொளுத்துகிற வெயிலைப் பார்த்தானாம். பிறகு அவளிடமே வந்து, நம்ப முடியாத முகத்தோடு கேட்டானாம்: "இந்த வெயில்லயா மட்டாஞ்சேரில பனி பெய்யுது?"

பதில்

திங்கள்கிழமை பஸ்ஸில் ஏறிவிட்டேன். எப்படி ஏறினேன் என்று கேட்டால் தெரியாது. அம்மா பஸ் நிறுத்தம்வரை கூடவே வந்து, பின்னாலிருந்து தள்ளினாள் என்பது ஒரு காரணம்.

வகுப்பின் முன்னால் போய் நின்றேன். கரும்பலகையில் தலைப்பை எழுதினேன். எழுதுவது சுலபம், முதுகுதான் வகுப்பைப் பார்க்கும். திரும்பினேன். அத்தனை முகங்கள். முதல் வாக்கியம் நாக்கு நுனியில் இருந்தது, அது வரவில்லை. இரண்டாவது வாக்கியத்தைத் தேடினேன், அதுவும் இல்லை. மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. யாரோ இருமினார்கள். கை தானாகப் பையைத் தேடியது. கதவு எத்தனை பக்கத்தில் இருக்கிறது என்று பார்த்தேன். கதவுக்கு அப்பால் பஸ், பஸ்ஸுக்கு அப்பால் குடோன். ஒரு கால் அந்தப் பக்கம் நகர்ந்தும்விட்டது.

லேகா மிஸ் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவர் சத்தம் போடவில்லை. "பேடிக்கண்டா ஐசக். பேடியொக்கெ எல்லாவர்க்கும் உண்டு. பதுக்கெ பறஞ்ஞா மதி" என்றார். பயப்பட வேண்டாம், பயம் எல்லோருக்கும் இருக்கிறது, மெதுவாகச் சொன்னால் போதும் என்று அர்த்தம்.

அப்போது ஒரு பெஞ்சு கிறீச்சிட்டது. பேச்சிமுத்து எழுந்து நின்றான். வகுப்பே திரும்பியது. எதற்கு எழுந்தோம் என்று அவனுக்கே தெரியாத மாதிரி இருந்தது அவன் முகம். வேர்த்திருந்தான். "மேடம்... பேடின்னா பயமா, மேடம்?" என்று தமிழிலேயே கேட்டான். மிஸ்ஸுக்குப் புரிந்தது. "அதெ. பின்னெ எந்தா?" என்று தலையாட்டினார். அவன் அப்படியே நின்றான். பனி காய்ச்சலாக இருக்கிற ஊரில் பேடி மட்டும் தமிழ்ப் பேடியாக, கோழை என்று திட்டுகிற பேடியாக இருக்குமா என்று அந்த வெயில் நாளிலிருந்தே அவனுக்குச் சந்தேகம் இருந்திருக்கிறது. வந்து கேட்கத்தான் பயம். இதெல்லாம் பிறகு அவன் சொன்னது.

எனக்கும் அப்போதுதான் விளங்கியது. படிக்கட்டில் முன்பின் தெரியாத ஒரு பையனிடம் சாயாவை நீட்டி, நீ கோழையா என்று நான் கேட்டிருக்கிறேன். முகமெல்லாம் சூடாகிவிட்டது. ஓடியே போய்விடலாம் என்று நினைத்தேன். அதற்குள் அவன் மிஸ்ஸை விட்டுவிட்டு நேராக என்னைப் பார்த்தான். ஒன்றரை மாசத்துக்கு முன்னால் நான் கேட்ட கேள்விக்கு, மொத்த வகுப்பின் முன்னால், கைகட்டி நின்று பதில் சொன்னான்: "ஆமாங்க. எனக்கு ரொம்பப் பேடிங்க."

சோப்பு

வகுப்பு சிரித்தது. அனுமோள் டெஸ்க்கைத் தட்டிச் சிரித்தாள், என்ன விஷயம் என்று தெரியாமலே. நானும் சிரித்தேன். சிரிக்கும்போது வாய் திறந்துதானே ஆக வேண்டும்? திறந்த வாயை மூடுவதற்குள் பேசிவிடலாம் என்று தோன்றியது. படித்துவைத்த ஆங்கில வாக்கியங்கள் எதுவும் கிட்டத்தில் இல்லை. கிட்டத்தில் இருந்ததைச் சொன்னேன். எங்கள் வீட்டுக் கிணற்று வெள்ளத்தில் எவ்வளவு தேய்த்தாலும் சோப்பு நுரைக்காது, அப்பா லாரியில் கொண்டுவருகிற வெள்ளத்தில் நுரைக்கும், ஏன் என்று மலையாளத்தில் ஆரம்பித்தேன். கிணற்றில் வெள்ளமா என்று பேச்சிமுத்து கையைப் பாதி தூக்கினான். பிறகு என்ன நினைத்தானோ, இறக்கிக்கொண்டான். மலையாளத்தில் வெள்ளம் என்றால் வெறும் தண்ணீர்தான் என்பதை அன்றைக்கே யாரிடமோ கேட்டுத் தெரிந்துகொண்டான்.

பிரமாதமாகப் பேசினேன் என்று எழுத ஆசைதான். பேசவில்லை. குரல் நடுவில் இரண்டு தடவை உடைந்தது. கால்சியத்துக்குப் பதில் சோடியம் என்று எழுதிவிட்டு அழித்தேன். கடைசிப் பகுதியைச் சொல்லவே மறந்துவிட்டேன். ஆனால் கதவுப் பக்கம் நகர்ந்த கால் திரும்பி வந்திருந்தது. மிஸ் தேறுகிற அளவுக்கு மார்க் போட்டார். பின்னால் என்னைக் கூப்பிட்டு ஒன்றே ஒன்று சொன்னார்: "அடுத்த பிராவசியம் வகுப்பைப் பாத்துப் பேசணும், ஐசக். இன்னு முழுவன் ஃபேனினோடாயிருந்நு பிரசங்கம்."

இன்று முழுக்க நீ பேசியது மின்விசிறியிடம்தான் என்கிறார். மின்விசிறி கேள்வி கேட்காது மிஸ் என்று சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை. ஒரே நாளில் எவ்வளவுதான் பேசுவது?

அம்மாவின் கவலை

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். ஐசக், டிரே நிறைய சாயா, படிக்கட்டு, பொட்டலச் சோறு, ஒன்றையும் மிச்சம் வைக்கவில்லை. இத்தனை நாள் 'நல்லாருக்கேன்' என்று சொன்னதெல்லாம் பொய் என்றும் சொன்னேன். "அதெனிக்கு அறியாமலா?" என்றாள் அம்மா. மறுநாள் முதலாளியிடம் போய், பில் போட வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டாள். எனக்கு அந்த நாற்காலி மேல் இன்னும் கொஞ்சம் ஏக்கம் இருக்கிறது, அதை அவளிடம் சொல்லவில்லை.

பயம் போய்விட்டதா என்று கேட்பீர்கள். இல்லை. இரண்டாவது செமஸ்டரில் வைவா என்று ஒரு வாய்மொழித் தேர்வு வைத்தார்கள், அதற்கு முந்தைய நாள் சோறு இறங்கவில்லை. பேச்சிமுத்துவுக்கும் இறங்கவில்லை. இப்போது இரண்டு பேரும் அதே படிக்கட்டில் உட்கார்ந்து சேர்ந்து சாப்பிடாமல் இருக்கிறோம். தனித்தனியாகச் சாப்பிடாமல் இருந்ததற்கு இது எவ்வளவோ மேல். எனக்குத் தமிழ் எழுதச் சொல்லிக்கொடுத்தவனும் அவன்தான். இந்தப் பக்கங்களில் பேடி என்று நான் எழுதிய இடங்களிலெல்லாம் அடித்துவிட்டுப் பயம் என்று திருத்தினான். சில இடங்களில் நான் விடவில்லை.

தமிழில் பேடி என்றால் என்ன அர்த்தம் என்பதை அம்மாவுக்கு விளக்கிச் சொன்னபோதுதான் வேடிக்கை. அவள் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். தினமும் அப்பா லாரியை எடுக்கும்போது வாசலில் நின்று அவரிடம் என்ன கேட்பாள் என்பது அவளுக்கு நினைவு வந்துவிட்டது. பின்னால் திரும்பி அப்பா பக்கத்தில் இருக்கிறாரா என்று பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி என்னிடம் சொன்னாள்: "கல்யாணம் கழிஞ்ச நாள்லேந்து அந்த மனுஷனைப் பாத்து பேடியா, பேடியான்னு கேட்டுட்டிருக்கேன், நல்ல காலம் அவருக்கும் தமிழ் தெரியாது."

ஆக, முதல் வருஷம் முழுக்க எனக்குப் பேடிதான். அதை நீங்கள் மலையாளத்தில் படித்தாலும் சரி, தமிழில் படித்தாலும் சரி, பிழை ஒன்றும் இல்லை.